வலிக்காத கை

"தம்பி, அது நாள் பூரா கத்திக்கினே கீது. நான் வேலையப் பாக்கறதா, அதக் கேட்டுக்கினு உக்காந்திருக்கறதா?"

சில வருஷங்களுக்கு முன்னால் இதை என்னிடம் சொன்னவருக்கு ஐம்பது வயது இருக்கும். பாலாற்றங்கரைத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு தொட்டி. அதன் அடியில் இறுகிப்போன கசடைக் கிளறிவிட ஓர் இயந்திரக் கை. தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்பதற்காகவே வாங்கியது. அவர் பத்தடி தள்ளி ஓர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி இரண்டு ஜாய்ஸ்டிக்கால் அதை ஓட்டுவார். அந்தத் திரைக்கான மென்பொருளை எழுதியவன் நான். கை அளவுக்கு மீறி அழுத்தினால் 'பீப்' என்று ஒலிக்கும், திரையின் ஓரம் சிவக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்றாவது வாரம் கையின் மூட்டு வளைந்துவிட்டது. பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், கை வளைவதற்கு முன்பு பல நிமிஷம் விடாமல் அலாரம் அடித்திருக்கிறது. நேரில் போனேன். ஸ்பீக்கரின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப், நான்கு சுற்று. திரையின் சிவந்த ஓரத்தை மறைக்க ஒரு காலண்டர் அட்டை. எனக்குக் கோபம் வந்தது. 'இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கேட்காத மனுஷனை என்ன செய்வது' என்றுதான் அன்று நினைத்தேன்.

அந்தக் கோபம் தப்பு என்று எனக்குப் புரியவைத்தது எந்த ரோபாட்டிக்ஸ் புத்தகமும் இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எழுபத்தைந்து வருஷம் முன்பு நடந்த ஒரு விஷயம். ரோபோ என்ற பேச்சே இல்லாத இடத்தில், ரோபோவைத் தூரத்திலிருந்து ஓட்டுவதன் அடிப்படைச் சிக்கல் முழுதையும் ஒரு டாக்டர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

1

எங்கள் பக்கத்தில் கரிகிரி என்றால் அது ஊர்ப் பெயர் மட்டும் இல்லை. காட்பாடி தாண்டி இருக்கும் அந்தத் தொழுநோய் மருத்துவமனையின் பெயர். சின்ன வயதில் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பவரைப் பக்கத்து ஆள் ஒரு பார்வை பார்ப்பதை நானே கவனித்திருக்கிறேன். 1955இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பால் பிராண்ட்.

பிராண்ட் 1914இல் பிறந்தது நம் கொல்லிமலையில். அப்பா, அம்மா மிஷனரிகள். படிப்புக்காக இங்கிலாந்து போனவர், அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அழைத்துப் போனவர் ராபர்ட் காக்ரேன், அன்றைக்குத் தொழுநோய் மருத்துவத்தில் பெரிய பெயர். நடந்துகொண்டே பேசும்போது பிராண்டின் கண் தோலில் இல்லை, விரல்களில் இருந்தது. மடங்கி, நகம்போல வளைந்து, குட்டையாகிப்போன விரல்கள். ஒரு நோயாளியிடம் 'என் கையைப் பிடித்து அழுத்துங்கள்' என்று தன் கையை நீட்டினார். உயிரற்ற பிடியைத்தான் எதிர்பார்த்தார். அந்த மனிதர் பிடித்த பிடியில் நகம் உள்ளங்கையில் இறங்கி, பிராண்ட் வலியில் கத்திவிட்டார். முகத்தைப் பார்த்தால் அந்த மனிதர் சாதாரணமாக நிற்கிறார். தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நொடியில் இரண்டு செய்திகள். ஒன்று, இந்தக் கையில் நல்ல தசை இன்னும் இருக்கிறது, அப்படியானால் அறுவை செய்து சரிப்படுத்தலாம். இரண்டாவது, இந்தக் கைக்குக் கட்டளை போகிறது, ஆனால் பதில் திரும்பி வரவில்லை.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இந்த இரண்டாவது வரி உடனே பிடிபடும். ஃபீட்பேக் அறுந்துபோன சிஸ்டம். என் ஆபரேட்டரின் ஜாய்ஸ்டிக்கும் அதேதான்.

2

முதல் செய்தியை பிராண்ட் உடனே கையில் எடுத்தார். 1948இல் வேலூரில் தொழுநோயால் மடங்கிய கைக்கு முதல் அறுவை நடந்தது.

செய்தது என்ன என்றால், ஒருவகையில் வயரை மாற்றிக் கொடுத்ததுதான். தொழுநோய்க் கிருமி, உடம்பில் குளிர்ச்சியான, மேல்பரப்புக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகளைத்தான் அதிகம் தாக்குகிறது. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு அதில் முக்கியமானது. அது செத்தால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழக்கும். ஆனால் முன்கையின் மேல்பகுதியில் இருக்கும் பெரிய தசைகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்த நல்ல தசைகளில் ஒன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த கட்டைவிரலுக்கோ மற்ற விரல்களுக்கோ இணைத்துத் தைப்பார்கள். உதாரணமாக, மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த தசைநாண் ஒன்று இனிமேல் கட்டைவிரலைக் குறுக்கே இழுக்கும்.

சுவாரஸ்யமான கட்டம் தையல் பிரித்த பிறகுதான் வருகிறது. மூளைக்கு இந்த மாற்றம் தெரியாதே! நோயாளி 'மோதிர விரலை மடக்கு' என்று நினைப்பார், அசைவது கட்டைவிரல். வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். பழைய எண்ணத்தை எண்ணி, புது அசைவைக் கண்ணால் பார்த்து, மறுபடி எண்ணி. ஒருநாள் அவர் விரலைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிட்டு, டம்ளரை எடுக்க நினைப்பார். கை எடுத்திருக்கும்.

ரோபோக் கட்டுப்பாட்டில் இன்றைக்கு நாங்கள் பெரிதாகப் பேசுவது இதைத்தான். ஜாய்ஸ்டிக்கை இடதுபக்கம் தள்ளினால் எந்த மூட்டு திரும்ப வேண்டும்? ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக ஓட்டவிடுவதா, அல்லது கையின் நுனி எங்கே போக வேண்டும் என்று மட்டும் ஆபரேட்டர் சொல்ல, மூட்டுக் கணக்கை இயந்திரமே போட்டுக்கொள்வதா? கற்றுக்கொள்ள எது சுலபம், எதில் களைப்பு குறைவு? நாங்கள் இதற்கு 'இன்ட்யூட்டிவ்' என்று பெயர் வைத்திருக்கிறோம். தமிழில் பெரியவர்கள் எப்போதோ இதைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள்: கைவந்த கலை. கலை கைக்கு வருவது என்றால் கை கண்ணில் படாமல் போவது. ஓட்டுபவர் ஜாய்ஸ்டிக்கை மறந்து தொட்டியைப் பார்த்தால், அன்றைக்கு நம் மென்பொருள் ஜெயித்தது என்று அர்த்தம்.

3

இரண்டாவது செய்திக்கு அறுவையில் பதில் இல்லை. விரல் அசைந்தது, உணர்ச்சி திரும்பவில்லை.

பிராண்ட் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒரு சேமிப்பறையின் பூட்டு துருப்பிடித்துவிட்டது. பிராண்ட் சாவியைத் திருகிப் பார்க்கிறார், அசையவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன், நோயாளி, 'நான் பார்க்கிறேன்' என்று முன்னால் வந்து ஒரே திருகில் திறந்துவிடுகிறான். சின்னப் பையனுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் என்று ஆச்சரியப்பட்டவர் கீழே பார்க்கிறார். தரையில் ரத்தச் சொட்டு. சாவியின் விளிம்பு பையனின் விரலை எலும்புவரை அறுத்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை.

அந்தப் பையன் பிராண்டைவிடப் பலசாலி இல்லை. பிராண்டின் கை ஒரு கட்டத்தில் 'போதும்' என்றது, பையனின் கை சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நாம் எல்லாரும் நம் முழு பலத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம், மிச்சத்தை வலி பூட்டி வைத்திருக்கிறது.

பின்னால், 1984இல், ஸ்வீடனில் யோஹன்சன், வெஸ்ட்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். ஒரு பொருளைத் தூக்கும்போது, அது நழுவாமல் இருக்க எவ்வளவு பிடி தேவையோ அதற்குக் கொஞ்சம் மேலே மட்டும்தான் நம் விரல் அழுத்துகிறது. அந்தக் கணக்கை விரல்நுனித் தோல் கணத்துக்குக் கணம் போட்டுத் தருகிறது. விரல்நுனியை மரக்கச் செய்துவிட்டால் கணக்கு போய்விடும். முட்டையைத் தூக்கும் நளினம் மறைந்து இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிடுவோம்.

அந்தக் காலத்தில் தொழுநோய் என்றாலே விரல் தானாக அழுகி விழும் என்றுதான் மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்டும் அவருடைய குழுவும் நம்பாமல், ஒவ்வொரு புண்ணையும் துப்பறியத் தொடங்கினார்கள். 1951இல் சி.எம்.சி. வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று ஒரு சின்னக் குடியிருப்பு. அறுவை முடிந்த இளைஞர்கள் தங்கி, மரவேலை, பொம்மை செய்வது என்று தொழில் கற்றார்கள். அறுவை முடிந்ததும் ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்திருந்தார்கள். கை சரியானவர்களுக்கு யாரும் பிச்சை போடவில்லை, நோய் இருந்ததால் யாரும் வேலையும் கொடுக்கவில்லை. 'இது பிச்சை எடுக்க உதவாத கை' என்று திரும்பி வந்து அவரிடமே குறைப்பட்டவர்கள் உண்டு.

நிலையத்தில் தினமும் கை கால்களைப் பரிசோதித்தார்கள். புண் இருந்தால், இன்று எதைத் தொட்டாய், எதைப் பிடித்தாய் என்று விசாரணை. ஏறக்குறைய எல்லாப் புண்ணுக்கும் ஒரு சாதாரணக் காரணம் இருந்தது. சூடான பாத்திரம். பிளவுபட்ட சுத்தியல் பிடி. செருப்புக்குள் கிடந்த கல். காரணமே தெரியாமல் ராவோடு ராவாக விரல் குறைந்தவர்களுக்காகக் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எலி. தூங்கும்போது எலி கடிக்கிறது, கை விழித்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் நோயாளிகள் வீடு திரும்பும்போது ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

மென்பொருள் எழுதுகிற எனக்கு இதைவிட நல்ல 'டீபக்கிங்' கதை தெரியாது. நோயின் மேல் போடப்பட்ட பழி, உண்மையில் அறுந்துபோன ஃபீட்பேக்கின் குற்றம்.

தீர்வுகளும் அதே அளவு எளிமை. கருவிகளின் பிடியைத் தடிமனாக்கினார்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது, ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். பாதத்துக்கு மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த செருப்பு. தோலும் ஷூவும் செய்கிற ஒரு நிலப்பகுதியில், உலகத்துக்கு ஷூ அனுப்பிய அதே வட்டாரத்தில், உணர்ச்சியில்லாத பாதத்துக்கான செருப்பும் வடிவம் பெற்றது என்பதை எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. உணர்வைத் திருப்பித் தர முடியாவிட்டால், உணர்வு இல்லாதபோதும் காயப்படுத்தாத உலகத்தைக் கையைச் சுற்றிக் கட்டு. இது ஒரு முக்கியமான வடிவமைப்புக் கொள்கை.

இன்னொன்றையும் பிராண்ட் கவனித்தார். அந்தப் பையன்கள் தங்கள் கையைத் தங்களுடையதாகவே நினைக்கவில்லை. அது அவர்களுக்கு ஒரு கருவி. கருவி தேய்ந்தால் யார் அழுவார்கள்?

4

கிட்டத்தட்ட அதே வருஷங்களில், சிகாகோ பக்கத்தில், ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற பொறியாளர் இதே சிக்கலின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். ஆர்கான் தேசிய ஆய்வகம். கதிரியக்கப் பொருளை மனிதக் கை தொடக் கூடாது, ஆனால் கையாள வேண்டும். தடித்த சுவருக்கும் கண்ணாடிக்கும் இந்தப் பக்கம் ஒரு பிடி, அந்தப் பக்கம் ஒரு கை. 1940களின் முடிவில் அவர் செய்த முதல் கருவிகளில் இரண்டையும் கம்பியும் உலோகப் பட்டையும் இணைத்தன. நீங்கள் தள்ளினால் அது தள்ளும். அது எதிலாவது முட்டினால், அந்த முட்டல் அதே கம்பி வழியாக உங்கள் கைக்கு வந்து சேரும். 1954இல் கம்பிக்குப் பதில் மோட்டார் வைத்தபோதும் அவர் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. எதிர் முனையின் விசையை மோட்டார் வழியாக ஆபரேட்டர் கைக்குத் திருப்பி அனுப்பினார். உணர முடியாவிட்டால் வேலை செய்ய முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வகைக் கைகள் இன்று நம் கல்பாக்கத்திலும் உண்டு. அணு உலையிலிருந்து எடுத்த எரிபொருளைக் கனத்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இவற்றால்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். இந்தக் கருவிக்குப் பொறியியலில் வைத்த பெயர் 'மாஸ்டர்-ஸ்லேவ்'. ஆண்டான், அடிமை. எங்கள் பகுதியில் அந்தச் சொல்லைச் சும்மா கடந்து போக முடியாது.

பிறகு வந்த தலைமுறை ரோபோக்களில், விலை குறைக்கவும் சிக்கலைத் தவிர்க்கவும், இந்தத் திரும்பி வரும் விசையைத்தான் முதலில் கழற்றினார்கள். கேமரா இருக்கிறதே, பார்த்து ஓட்டட்டும். 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி அறுவை ரோபோவே இருபது வருஷத்துக்கு மேல் மருத்துவர் கைக்கு விசையுணர்வு தராமல்தான் ஓடியது. நூல் இறுகுவதை, திசு வெளிறுவதைக் கண்ணால் பார்த்து ஊகிக்க அவர்கள் பழகிக்கொண்டார்கள். விசையை உணரும் கருவிகளோடு டா வின்சி 5 அனுமதி பெற்றது 2024இல். நான் எழுதியதும் அந்தக் கழற்றிய ரகம்தான். கழற்றிய இடத்தில் ஒரு பீப்.

5

அந்த பீப்பையும் பிராண்ட் எனக்கு முன்பே முயன்று தோற்றிருக்கிறார்.

1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு செயற்கை வலி ஒன்றைச் செய்யப் பார்த்தார். கையுறையில் அழுத்த உணரிகள், அவற்றிலிருந்து காதுக்குள் ஒரு கருவிக்கு ஒலி. அழுத்தம் கூடினால் ஒலி உரக்கும். உணரிகளுக்கு விலை அதிகம், அடிக்கடி பழுதும் ஆயின, ஆனால் உண்மையான தோல்வி அதில் இல்லை. அபாய ஒலி கேட்டும் நோயாளிகள் வேலையை முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார்கள். விளக்கு வைத்துப் பார்த்தார்கள், அதையும் யாரும் மதிக்கவில்லை. கடைசியில், உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி. அது வலித்தது. ஆனால் அதை அவர்கள் தங்கள் கையின் வலியாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரோ தரும் தண்டனையாகப் பார்த்தார்கள். ஒருவர் வண்டி என்ஜினில் இறுகிய போல்ட்டைக் கழற்றும்போது சுவிட்சை அணைத்தார், முழு பலத்தோடு திருகினார், மறுபடி போட்டுக்கொண்டார். சில வருஷங்களுக்குப் பிறகு பிராண்ட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

இதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கறுப்பு டேப் நினைவுக்கு வந்தது.

பிராண்ட் எடுத்துக்கொண்ட பாடம்: வலியின் சுவிட்ச் நம் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால்தான் அது நம்மைக் காக்கிறது. பொறியாளர்கள் இதைப் படித்தால் உடனே செய்யத் தோன்றுவது, ஸ்பீக்கருக்கு இரும்புக் கூண்டு. எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தகவல் வந்த வழி தப்பு. கையில் நடப்பதைக் காதில் சொன்னால், அது அறிவுக்கு ஒரு அறிக்கையாகப் போகிறது, அறிக்கையை யாரும் தள்ளிப் போடலாம். கையில் நடப்பதைக் கையிலேயே சொன்னால் தள்ளிப்போட முடியாது. கோர்ட்ஸின் கம்பியை யாரும் டேப் போட்டு மூடவில்லை, மூட முடியாது.

6

மறுபடி அந்த அறைக்குப் போனேன். இம்முறை கோபம் இல்லாமல், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தேன். நிஜமாகவே அது நாள் பூராவும் கத்தியது. இறுகிய கசடை உடைக்க அழுத்தித்தான் ஆக வேண்டும். நான் வைத்த எல்லை அவருடைய சாதாரண வேலைக்குள்ளேயே இருந்தது. இத்தனை மணிக்குள் தொட்டி காலியாக வேண்டும் என்று மேலே கணக்கும் இருந்தது. அபாயமும் வழக்கமும் ஒரே குரலில் கத்தினால் எதைக் கேட்பது?

"டேனரில எத்தினி வருஷம் இருந்தீங்க?" என்றேன்.

"இருபது வருஷம். ஈரத் தோலைக் கையில வச்சா போதும், இன்னா பதத்துல கீதுன்னு சொல்லிடுவேன். க்ளவுஸ் குடுத்தாங்க. போட்டா ஒண்ணும் தெரியாது, கழட்டிட்டுத்தான் பண்ணுவோம்."

கையைத் திருப்பிக் காட்டினார். விரல் முட்டிகளில் பொட்டுப் பொட்டாகப் பழைய குழிகள். குரோம் புண். ஆழமாகப் போகும், ஆனால் பெரும்பாலும் வலிக்காது. என் மாமா கையிலும் அதே குழிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். வலிக்காததால்தான் அவர்கள் அதை ஒரு காயமாகவே எண்ணவில்லை.

அந்த மனிதர் உணர்வுக்காகப் பாதுகாப்பைக் கழற்றிய இருபது வருஷத்துக்கு அப்புறம், பாதுகாப்புக்காக உணர்வைக் கழற்றிய ஒரு இயந்திரத்தில் அவரை உட்கார வைத்து, கவனமில்லை என்று கோபப்பட்டிருக்கிறேன்.

மாற்றங்கள் பெரிதாக இல்லை. பீப்பை எடுத்தோம். ஜாய்ஸ்டிக்கில் சின்ன மோட்டார் வைத்து, எதிர்ப்பு கூடக்கூடப் பிடி கனக்கும்படி செய்தோம். உண்மையிலேயே மூட்டு வளையும் எல்லையில் மட்டும், யார் சொன்னாலும் கேட்காமல் கை நிற்கும். அந்த எல்லையை முடிவு செய்தபோது அவரையும் உட்கார வைத்துத்தான் செய்தோம். முதல் நாள் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு அவர் சொன்னது: "அடியில கல்லு மாரி ஒண்ணு கீது. மேல சேறு, கீழ கல்லு." திரையில் கல் தெரியவில்லை. சேறு மட்டும்தான் தெரிந்தது.

7

இது எங்கள் ஊரில் ஒரு வடிவமைப்பு விவாதம் மட்டும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். 2013இன் சட்டம் மலக்குழிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கத் தடை போட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி.

இயந்திரங்களும் வந்தன. கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் செய்த பேண்டிகூட் 2018இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழு உருவாக்கிய ஹோமோசெப், மலக்குழியின் இறுகிய கசடைச் சுழலும் பிளேடால் கலக்கி உறிஞ்சி எடுக்கிறது. இரண்டிலும் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றுதான். நேற்றுவரை இறங்கியவர்களையும், இறந்தவர்களின் குடும்பங்களையும் இயந்திரத்தை ஓட்டுகிற இடத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

அப்படி உட்காருபவருக்கு, குழிக்குள் எது கல், எது சேறு, எது குழாய் என்று ஏற்கெனவே கையால் தெரியும். ஒரு பொறியாளர் செய்யக்கூடிய மிகக் கெட்ட காரியம், அந்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச்சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு திரையும் ஒரு பீப்பும் கொடுப்பது. அந்த இயந்திரம் சரியாக ஓடாது. நாளைக்கு அது ஓரமாய் நிற்கும். அப்போது யாராவது, "அஞ்சு நிமிஷ வேலைதான், சட்டுனு எறங்கிட்டு வா" என்பார்கள்.

அதனால்தான் ரோபோவை ஓட்டுவது எளிதாக இருக்க வேண்டும் என்பதை நான் வசதி சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கைக்கு வராத இயந்திரம் கடைசியில் மனுஷனைத்தான் குழிக்குள் அனுப்பும்.

அந்த டேப்பின் பசை ஸ்பீக்கரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் சுரண்டி எடுக்கப் பார்த்தார். விடுங்கண்ணா, இருக்கட்டும் என்றேன்.